பக்கத்து வீட்டுக் குதிரை என்றாயே

அன்றைக்கு நம் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு அவர் பார்க்கவில்லை, இவர் கேட்கவில்லை என்று நீ பேச்சை மாற்ற இடம் கொடுக்கக் கூடாது. பெண்வீட்டார் பக்கம் ஐந்து பேர்: பெண்ணின் அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், ஒரு பெரியப்பா. நம் பக்கம் ஐந்து பேர்: உன் அப்பா, நான், உன் தாய்மாமன், பந்தி பரிமாற வந்த உன் அத்தை, நீ. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறும் வழக்கம் இல்லை என்பதால் மீனா மதுரையிலேயே இருந்துவிட்டாள். இவர்களுக்குப் பிறகு, பாதிச் சாப்பாட்டில், கூப்பிடாமல் வந்தவள் பவுனு. நீ அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சேர்த்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் போனில் சொல்லத்தான் பார்த்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல் சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன், உன் அப்பாவும் மாமாவும் படித்த பிறகுதான் தபாலில் போகும். ஒளித்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. ஒளிக்கிற வேலை இந்த வீட்டில் ஒரு நாள் நடந்தது போதும்.

"அவுக வர்ற அன்னைக்குக் குதிரைகளை எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுருங்கப்பா" என்று நீ உன் அப்பாவிடம் சொன்னபோது, நான் அடுப்படியில் இருந்தேன். வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். அப்பா விடிவதற்குள் ஐந்து உருப்படிகளையும் ஓட்டிக்கொண்டு சிலமலையில் உன் சித்தப்பா தோட்டத்துக்குப் போனார். கூட லோடு ஓட்டுகிற முத்தையாவைக் காவலுக்கு வைத்துவிட்டு, பஸ்சில் திரும்பி வந்து குளித்து வேட்டி மாற்றினார். நீ குதிரைக் கொட்டத்தைக் கழுவிவிட்டாய். சேணமெத்தைகளையும் சாக்குகளையும் தார்ப்பாய் போட்டு மூடினாய். உன் மாமா திண்டுக்கட்டையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி, "மாப்ளே, கொட்டத்துல பன்னீர் தெளிக்கலையா, சம்பந்தி மோந்து பாத்துரப் போறாரு" என்று கேலி பண்ணினார். நீ சிரிக்கவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய், உன் காதுகுத்துப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினாய். மாமா மடியில் நீ காது குத்திக்கொண்ட படம் இல்லை அது. குத்தி முடித்த பிறகு பட்டுத்துண்டு கட்டி, மட்டக்குதிரை மேல் உன்னை உட்கார்த்தித் தெரு சுற்றிக் கூட்டிவந்த படம். சுவரில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது.

பெண்ணின் அப்பா வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஜீப்பெல்லாம் எங்க நிக்குது?" என்பது. நான் உன்னைப் பார்த்தேன். "மலைக்கு லோடு போயிருக்குங்க மாமா" என்றாய். நமக்கு ஏது அப்பு ஜீப்பு? ஜீப் போகிற பாதைக்கு ஜீப் வைத்திருப்பவர்கள் போகிறார்கள். ஜீப் ஏறாத பாதைக்கு நாம் போகிறோம். அதுதானே உன் அப்பாவின் தொழில், அவருடைய அப்பாவின் தொழில். 'மலைப்போக்குவரத்து' என்று நீ அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். அந்தச் சொல்லில் ஜீப்பும் அடங்கும், குதிரையும் அடங்கும். கேட்பவர் எதை நினைத்துக்கொள்வார் என்று தெரிந்தே நீ சொன்ன சொல் அது.

அதோடு நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அவர்களைக் கைநனைக்க வைத்தாய். சம்மதம் என்று ஆகும்வரை பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க யோசிப்பார்கள். கைநனைத்து இலையில் உட்கார்ந்துவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். உன் மாமனாராகப் போகிறவர், "எங்களுக்குப் பரிபூரண சம்மதம்" என்று சொல்லி எழுந்து போய்க் கைகழுவினாரே, அப்போது நான் குத்துவிளக்கைத் தூண்டிவிட்டுக் கொண்டிருந்தேன். பந்தலில் இலை போட்டு, உப்பு வைத்து, சாதம் போட்டேன். என் விளக்குக்கு முன்னால், என் கையால், அவர்கள் இலையில் உன் பொய்யையும் சேர்த்து என்னைப் பரிமாற வைத்திருக்கிறாய். வெள்ளி செவ்வாய் தவறாமல் விரதம் இருக்கிறவளுக்கு நீ செய்த மரியாதை இது.

ரசம் ஊற்றும் நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் உனக்குத்தான் கேட்டது, உன் முகத்தைப் பார்த்தேன். முன்குதிரையான பவுனைக் கட்டிப்போடும் பழக்கம் நம் வீட்டில் கிடையாது. அவள் நிற்கிற இடத்தில் மற்ற நாலும் நிற்கும், அவள் நடந்தால் நடக்கும். அதனால் முத்தையா வழக்கம்போல் அவளைச் சும்மா விட்டுவிட்டு வாய்க்காலில் குளிக்கப் போயிருக்கிறார். கட்டிவை என்று அப்பாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. கோயம்புத்தூர் போய் எல்லாவற்றையும் மறந்த நீ இதை மட்டும் மறக்காமல் இருந்திருக்கலாம். தினமும் லோடு இறக்கிவிட்டு வீடு திரும்புகிற நேரம் ஆனதும் அவள் கிளம்பிவிட்டாள். பஸ்சும் லாரியும் போகிற ரோட்டில், ஓரமாக, நாலு பேரையும் பின்னால் அழைத்துக்கொண்டு, நம் பந்தலுக்குள் நுழைந்து, நேராக என்னிடம் வந்து, முந்தானை முடிச்சை மோந்து நின்றாள். அதில் அவளுக்குக் கருப்பட்டி இருக்கும். அன்றைக்கும் இருந்தது. பழக்கத்தில் முடிந்து வைத்திருந்தேன்.

"யாரு குதிரைப்பா இது?" என்றார் உன் மாமனார்.

"பக்கத்து வீட்டுக்காரங்களதுங்க மாமா. மலைக்கு மூட்டை தூக்குறவுக" என்றாய். கண் இமைக்காமல் சொன்னாய்.

"பக்கத்து வீட்டுக் குதிரைக்கு உங்க முந்தானையில என்ன சோலி மதினி?" என்று பெண்ணின் அம்மா என்னைக் கேட்டதும் பந்தி முழுக்கச் சிரிப்பு. அவர் பொல்லாதவர் இல்லை, விளையாட்டாகத்தான் கேட்டார். உன் மாமா முந்திக்கொண்டு, "எங்க அக்கா கை அப்படி. தெருவுல போற ஆடு மாடெல்லாம் உள்ள வந்துட்டுத்தான் போகும்" என்று சமாளித்தார். நான் வாளியும் கரண்டியுமாக நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் உன் கல்யாணம் அந்த இலையோடு முடிந்திருக்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்ததற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை, இலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். உன் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். "யாரு மட்டம்னு தெரியல, ஓட்டிவிட்டுட்டு வாறேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். உனக்காகச் சொன்னார். பவுனின் கழுத்துக் கயிற்றைப் பிடித்து, வேற்று ஆள் போல "ஹை, ஹை" என்று விரட்டினார். அவள் நகரவில்லை. எப்படி நகர்வாள்? பிறந்த நாளிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு நடத்திய குதிரை. பெயர் சொன்னால்தான் அவளுக்கு அது புறப்பாடு, மற்றதெல்லாம் அவளுக்குச் சத்தம். பெயரைச் சொன்னால் உன் பொய் வெளியே வந்துவிடும். அவர் கயிற்றை இழுக்கிறார், அவள் அவர் முகத்தையே பார்க்கிறாள். கடைசியில் துண்டால் வாயைத் துடைப்பது மாதிரி குனிந்து, அவள் காதுக்குள் என்னமோ சொன்னார். உடனே திரும்பி நடந்தாள். அவள் பின்னால் நாலும் நடந்தன. தன் குதிரையைத் தன் வாசலிலிருந்து திருட்டுக் குதிரை ஓட்டுவது போல் ஓட்டிக்கொண்டு போனார் உன் அப்பா. கொட்டத்துப் பின்னால் நின்றுகொண்டு, அவர்கள் கார் கிளம்பும்வரை அவர் உள்ளே வரவில்லை. அவர் இலை அப்படியே காய்ந்தது.

அவர் அங்கே நின்ற நேரத்தில் பந்தலில் என்ன பேச்சு ஓடியது? "இதெல்லாம் குதிரையா மாப்ளே, கழுதைக்குக் கொஞ்சம் மேல. மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு மார்வாரியைக் கொண்டாரச் சொல்றேன் பாருங்க. வெள்ளை வெளேர்னு, காது ரெண்டும் மேல முட்டிக்கிட்டு நிக்கும். அதுதான் குதிரை" என்றார் உன் மாமனார். "ஆமாங்க மாமா" என்றாய் நீ. அதோடு சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

மார்வாரிக் குதிரையை நான் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடம் பாதியில் நின்றாலும், கையில் கிடைத்த காகிதத்தை எல்லாம் படித்து வளர்ந்தவள் நான். மணல்தேசத்துக் குதிரை அது. வெயில் தாங்கும், தாகம் தாங்கும். உயரமான கால், தூக்கிய கழுத்து, கொட்டுக்கு ஏற்ப ஆடப் பழக்கினால் ஆடும். உட்கார்ந்து போகிறவனுக்கு உடம்பு குலுங்காத நடை. அந்த ஊருக்கு அது வேண்டும், அங்கே அது ராஜா. கடவுள் காரணம் இல்லாமல் ஒரு காலை நீட்டுவதும் இல்லை, ஒரு காலைக் குறுக்குவதும் இல்லை. ஆனால் மணலுக்குப் படைத்ததைக் கொண்டு மலைக்குப் படைத்ததை இழிவு பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது. அவர் தெரியாமல் பேசினார். நீ தெரிந்தே தலையாட்டினாய்.

தெரியும் என்பதை நினைவுபடுத்துகிறேன். மட்டக்குதிரை ஏன் மட்டமாக இருக்கிறது? தனி ஆள் ஒருவனே இரண்டு பக்கமும் மூட்டை ஏற்றிக் கட்டுவதற்கு அந்த உயரம்தான் சரி. மலைப்பாதையில் தாழ்ந்த கிளைக்கு அடியில் மூட்டையோடு நுழைவதற்கு அந்த உயரம்தான் சரி. சின்னக் குளம்பு, இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்து எடுக்கும். போகிற வழியில் கிடைத்த புல்லை மேயும், ஓடைத் தண்ணீரைக் குடிக்கும், ராத்திரி ஒரு கை கொள்ளு போதும் என்று நிற்கும். மேலே போகும்போது அரிசி, வெங்காயம், பள்ளிக்கூடத்துச் சத்துணவு மூட்டை. கீழே வரும்போது காப்பிக்கொட்டை, மிளகு, ஏலக்காய். ஏலத்துக்கு வருகிற வியாபாரிகள் பச்சை நிறம் பார்த்து, மணம் பார்த்து விலை சொல்கிறார்களே, அதில் எத்தனை மூட்டை பவுனு முதுகில் இறங்கியது என்று யாராவது கேட்டார்களா? இலவம்பஞ்சுக் காலத்தில் அவள் நடையைப் பார்த்திருக்கிறாயே. மூட்டை கனம் கிடையாது, ஆனால் அகலம். பாறைப் பக்கம் ஒதுங்கினால் மூட்டை உரசி அவளையே பள்ளத்தில் தள்ளிவிடும். அதனால் பள்ளத்தின் விளிம்பிலேயே நடப்பாள். பார்க்கிறவன் விழப்போகிறாள் என்பான். அவள் தன் அகலத்தை அளந்துதான் நடக்கிறாள். அரிசி மூட்டை ஏற்றினால் அதே இடத்தில் பாறையை ஒட்டி நடப்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தேர்தல் வந்தால் ஓட்டுப்பெட்டி யார் முதுகில் மலைக்குப் போகிறது? பின்னால் அதிகாரியும் போலீசும் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள். போன தடவை ஒரு போலீசுக்காரர் ஏற முடியாமல் இவள் வாலைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டையா, வாலை விட்டுருங்க, ஓட்டுப்பெட்டி உதைச்சா எங்க மேல கேசு போட்டுருவீக" என்று முத்தையா சொன்னதைச் சொல்லிச் சொல்லி நீயே சிரித்திருக்கிறாய். கம்பம் பக்கத்து வண்டிப் பந்தயத்துக்கு உன் சித்தப்பா இரவல் கேட்டு ஓட்டிப்போனார், இரண்டாவதாக வந்தாள். மறுநாள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வெங்காயம் சுமந்தாள். வாடைக்காற்றில் காட்டுமாட்டு வாசனை வந்தால் நின்றுவிடுவாள், அடித்தாலும் நகர மாட்டாள். அதனால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். கால் உடைந்த தோட்டத் தொழிலாளியைத் துணி கட்டி உட்கார்த்தி இறக்கியிருக்கிறாள். ஊரில் எந்தக் குழந்தைக்குக் காதுகுத்து என்றாலும் நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு, கொட்டுச் சத்தத்துக்கு நடுவில் அசையாமல் நிற்பாள். இத்தனையும் செய்கிற ஒன்றைக் 'கழுதைக்குக் கொஞ்சம் மேல' என்று ஒருவர் சொல்ல, அவள் சுமந்த சோற்றில் வளர்ந்தவன் தலையாட்டுகிறான். வரவு செலவு எழுதுகிறவள் என்பதால், எந்த லோடில் உன் எந்தப் பரீட்சைக்குப் பணம் கட்டினோம் என்று என்னால் சொல்ல முடியும். சொல்ல மாட்டேன். அது பெற்ற பிள்ளையிடம் கூலி கேட்பது மாதிரி ஆகிவிடும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். நீ ஐந்தாவது முடித்த லீவில் அப்பாவோடு மலைக்குப் போனாய். இறங்கும்போது மஞ்சு மூடிவிட்டது. முன்னால் போன அப்பாவுக்குப் பின்னால் வந்த நீ தெரியவில்லை, அவர் கத்துவது உனக்கு எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. நீ அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாயாம். பவுனின் தாய், நிறைசினை, அன்றைக்குச் சுமையில்லாமல் கடைசியில் வந்தவள், உன்னைத் தாண்டிப் போகாமல் உன் பக்கத்தில் நின்றாள். மற்றதெல்லாம் மணிச்சத்தத்தோடு போய்விட்டன, அவள் போகவில்லை. நீ எழுந்து அவள் பிடரியைப் பிடித்த பிறகுதான் நடந்தாள். வீட்டுக்கு வந்து நீயே என்னிடம் சொன்னது இது, நான் கட்டிச் சொல்லவில்லை. அந்த மாசமே அவள் குட்டி போட்டாள். மஞ்சளாக, வெயில் பட்டு மின்னிக்கொண்டு, நிற்கத் தெரியாமல் நின்றது. மூக்கை அதன் மூக்கோடு வைத்து, "அம்மா, இதுக்குப் பவுனுன்னு பேரு வைக்கிறேன்" என்றாய். உன் அப்பா வேறு பெயர் நினைத்திருந்தார். நீ சொன்னதால் விட்டுக்கொடுத்தார்.

ஊரிலிருந்து கிளம்பும்போதெல்லாம் கருப்பசாமி கோயிலில் இறங்கி, அங்கே நிற்கிற மண்குதிரையின் காலில் திருநீறு எடுத்துப் பூசிக்கொள்கிறாய். சாமிக்கு என்றால் குதிரை கும்பிடுகிற பொருள், அப்பனுக்கு என்றால் மறைக்கிற பொருளா? உன்னை வெட்கப்பட வைத்தது குதிரையா, உன் அப்பாவின் காலில் ஒட்டிய சாணமா? இதற்கு எனக்குப் பதில் வேண்டாம், நீயே உனக்குச் சொல்லிக்கொள்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்கு அம்மா என்கிற முறையில் ஒரு வார்த்தை. முதல் நாளே மறைத்துவிட்டால் பிறகு ஒவ்வொரு நாளும் அதைக் காவல் காக்க வேண்டியிருக்கும். தீபாவளிக்கு மீனா இங்கே வந்தால் குதிரைகள் சிலமலைக்குப் போக வேண்டும். பிள்ளை பிறந்து காது குத்தினால் யார் குதிரை என்பாய்? உன் அப்பா இன்னும் எத்தனை தடவை தன் வாசலில் வேற்றாளாக நடிப்பார்? அன்றைக்கு ராத்திரி, "பரவால்ல விடு, சின்னப்பய, பொண்ணு வீட்டுக்காரக முன்னால சங்கடப்பட்டுட்டான்" என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார். அந்தப் 'பரவால்ல'வைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தை எழுத வைத்ததைச் சொல்கிறேன். நேற்று மீனா எனக்குப் போன் பண்ணினாள். அன்றைக்குப் பந்தியை அவள் அக்கா போனில் படம் பிடித்திருக்கிறாள், பவுனு வந்ததிலிருந்து போனதுவரை. அதை எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள் அந்தப் பெண்.

"அத்தை, அந்தக் குதிரை உங்க முந்தானையை மோந்துச்சே, அவ்வளவு அழகா இருந்துச்சு. நான் நாலஞ்சு தடவை பாத்துட்டேன்" என்றாள்.

"அப்படியாம்மா" என்றேன்.

"மாமா எவ்வளவு இழுத்தும் நகரலை. காதுல என்னமோ சொன்னாக, உடனே நடந்துருச்சு. என்ன சொன்னாக அத்தை? அதோட பேரா? பேரு என்ன?"

யாருடைய குதிரை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேனோ என்னவோ. பெயர் கேட்டாள். பக்கத்து வீட்டுக் குதிரையின் பெயர் உன் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண்ணுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நீயாகச் சொல்வதற்கு ஒரு வழி திறந்து வைத்திருக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. அவ்வளவு நல்ல குணம் உனக்கு வாய்த்திருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

"அவன் சொல்லுவான்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி பேசுகிறேன் என்றிருக்கிறாள். அந்த நேரம் நான் விளக்கு ஏற்றியிருப்பேன், பொய் சொல்ல மாட்டேன். உனக்காகவும் சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் வைத்தவன் நீ இருக்கும்போது நான் சொல்வது முறையில்லை. காதுகுத்துப் படத்தைத் துடைத்து அதே ஆணியில் மாட்டிவிட்டேன். அப்பா வந்து கோணலாக இருந்த அதை நேராக்கிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மீனாவிடம் பேசிவிடு. பேசிவிட்டாயா இல்லையா என்று எனக்கு வெரசா பதில் போடு.

அம்மா